பையத் தூக்கு, மாப்ளே

மதுரையில் யார் கண்ணை மூடினாலும் மறுநாள் விடிவதற்குள் தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஏறிவிடும். நடுவில் படம், படத்துக்கு இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, அடியில் வரிசையாகச் சொந்தக்காரர்களின் பெயர்கள். கையில் எடுத்துப்போகும் ஒலித்தட்டுக் கருவிக்கு, நாமெல்லாம் டிஸ்க்மேன் என்று கூப்பிட்ட அதற்கு, அப்படி ஒரு தாளை யாரும் ஒட்டவில்லை. ஒட்ட நினைத்திருந்தாலும் தோற்றம் என்ற இடத்தில் 1984 நவம்பர் என்று போட்டிருக்கலாம். மறைவு என்ற இடத்தில் என்ன போடுவது? என்றைக்குப் போனது என்று அதை வைத்திருந்த நமக்கே தெரியாது. மேசையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து பரணுக்கு என்று அது தள்ளித் தள்ளிப் போனபோது நாம் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறப்பைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சோனியும் பிலிப்ஸும் கூடி வகுத்த ஒலித்தட்டை வீட்டில் வைத்துக் கேட்பதற்கான முதல் கருவி 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் கடைக்கு வந்தபோது அதன் விலை 1,68,000 யென். அடுத்த இரண்டே ஆண்டில், நான்கு ஒலித்தட்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் அளவுக்குள் அத்தனையையும் அடக்கிவிட வேண்டும் என்று சோனிக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வீம்பின் பலனாக, 49,800 யென் விலையில், டி-50 என்ற பெயரில் இது பிறந்தது. பிறந்தபோது வயிற்றில் பேட்டரிக்கு இடமில்லை. பேட்டரிகளைத் தனிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒலித்தட்டு வீட்டு வாசலைத் தாண்டியது அப்போதுதான்.

கூடவே ஒரு குறையும் பிறந்தது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டுக்குள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒற்றை வரி சுருண்டு சுருண்டு ஓடுகிறது. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரியார் நிலையத்தில் ஏறித் தெப்பக்குளத்தில் இறங்குகிற தூரம் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியோ ஒரு தலைமுடியின் கனத்துக்குள் முப்பது நாற்பது சுற்று அடங்கிவிடும் அளவுக்கு நெருக்கம். அந்த வரியைக் கிராமபோன் ஊசிபோல உரசிப் படிக்காமல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அனுப்பி, அது திரும்பி வருவதையும் வராததையும் கணக்கெடுத்து, தொடாமலே படிக்கும் கருவி அது. பயணத்துக்கென்றே பிறந்த பிள்ளைக்குப் பயணத்தின் குலுக்கல் ஆகாது என்று தலையில் எழுதியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது 1996 சித்திரையில். சிங்கப்பூரில் வேலை பார்த்த தாய்மாமா, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் செல்லூர் வீட்டில் வந்து இறங்கினார். வெளிநாட்டுப் பெட்டியைத் திறக்கும் சடங்கு அந்தக் காலத்து வீடுகளில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடாலித் தைலம், டார்ச் லைட், சாக்லெட், சென்ட் பாட்டில் எல்லாம் பங்கு பிரிந்த பிறகு, இரண்டு சட்டைகளுக்கு நடுவே கைக்குழந்தையைப்போல் சுற்றி வைத்திருந்த கறுப்புப் பெட்டி ஒன்றை மாமா வெளியே எடுத்தார். நான் பாய்ந்து வாங்கப் போனேன்.

"பையத் தூக்கு, மாப்ளே" என்றார்.

அதைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அதுதான். மெதுவாக என்று சொன்னால் வேகத்தைக் குறைத்தால் போதும். பைய என்று எங்கள் பக்கம் சொன்னால் கையும் காலும் மூச்சும் சேர்ந்து அடங்க வேண்டும். திருஞானசம்பந்தர் இந்த ஊரில் பாடிய பதிகத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. பதினாறு ஆண்டுகள் அந்தக் கருவி எங்கள் வீட்டில் பாடியது. அவ்வளவு நாளும் அதைச் சுற்றிப் புழங்கிய சொல் இது ஒன்றே.

மூடியைத் திறந்ததும் தாத்தா எட்டிப் பார்த்து, "நாடா எங்கய்யா?" என்றார். நடுவில் ஒரு சிறு குமிழ், அதைச் சுற்றி உள்ளே அமுங்கி வெளியே எட்டிப் பார்க்கும் மூன்று குண்டுமணிகள். தட்டின் ஓட்டையை அதன்மேல் வைத்து இரு விரலால் அழுத்தினால் 'சொட்' என்று பிடித்துக்கொள்ளும். மூடியதும் உள்ளே இருக்கும் சின்ன லென்ஸ் மேலே எழும்பித் தட்டு வந்திருக்கிறதா என்று பார்க்கும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓலைப் பாயில் எறும்பு ஊர்வதுபோல ஒரு சரசரப்பு. அப்புறம் தட்டு சுழலத் தொடங்கும். உள்வட்டத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, விளிம்புக்குப் போகப்போக 200. விரற்கடை அகலத் திரையில் மொத்தம் எத்தனை பாட்டு, எத்தனை நிமிடம் என்று இரண்டு எண்கள் வந்து நிற்கும். முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் பிறகே வேலையை ஆரம்பிக்கும் இந்தப் பழக்கம், நெல் அளக்கப்போகும் பெரியவர்களின் பழக்கம்.

காதுக்கருவி ஒன்றே ஒன்று. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கைமாறியது. அம்மாவின் முறை வந்தபோது, தலைக்குமேல் அதை மாட்டிக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடியிருந்தவர், திடீரென்று பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி, "எம்புட்டுத் தெளிவா இருக்கு! ஆனா யாரும் பாடலையேடா!" என்று கத்தினார். தான் கத்துவது தனக்குக் கேட்காது என்பதை அவர் அறியவில்லை. நாங்கள் சிரித்தது எதற்கென்றும் அவருக்குப் புரியவில்லை. தட்டில் யாரும் பாடாததற்குக் காரணம் இருந்தது: மாமா கொண்டுவந்தது 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கருவி வீட்டுக்கு வந்த 1996இல்தான் தேனியை மதுரையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கும் அரசாணை வந்தது. பண்ணைப்புரத்துக்காரரை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நாங்கள் காகிதத்தில் இழந்த ஆண்டு. வயலின் இடக்காதில் ஒன்றும் வலக்காதில் ஒன்றுமாகப் பேசிக்கொண்டதைக் கேட்டபோது அந்த உரிமை எங்கும் போகவில்லை என்றே பட்டது.

கேசட்டில் வளர்ந்த காதுகளுக்கு அதிலே புதிதாக வாய்த்தது பாட்டைவிட, பாட்டு இல்லாத இடம்தான். நாடாவில் இசை நின்றாலும் தூறல்போல ஒரு இரைச்சல் நிற்காது. வெயில் காலத்தில் விசிறி ஓடுவதைப்போல அது இருக்கிறது என்பதையே மறந்திருந்தோம். ஒலித்தட்டில் இசை நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அடுத்த சுரம் பிறந்து வந்தது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு நாகசுரம் வாசித்த நம் ஊர்ச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி இருவரின் வாசிப்பை அதில் ஒருமுறை கேட்டேன். ஒரு சங்கதி முடிந்து அடுத்தது எழும் முன்னால் மூச்சை இழுத்துக்கொள்ளும் இடம் கேட்டது. ஆடி வீதியில் நாகசுரத்துக்குப் பின்னால் எத்தனை முறை நடந்திருப்பேன். அந்த மூச்சு அங்கே கேட்டதில்லை. எம்.எஸ்., டி.எம்.எஸ்., மதுரை சோமு என்று குரல்களாக வளர்த்துவிட்ட ஊர் இது. மைக் செட்டில் தெருவோடு கேட்டே பழகிய அந்தக் குரல்கள் காதோரம் வந்து உட்கார்ந்தது இந்தக் கருவிப் பெரியவரின் தயவில்தான்.

தட்டு மலிவாகக் கிடைத்ததில்லை. ஒன்று வாங்கும் காசுக்குக் கேசட் ஏழெட்டு வாங்கலாம். அதனால் முதல் இரண்டு ஆண்டில் வீட்டில் இருந்தவை மொத்தம் ஐந்தே தட்டுகள். ஐந்தையும் மனப்பாடம் செய்தோம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது பிரதோஷமும் அமாவாசையும் தெரிவதுபோல வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும், பளபளப்பில் விரல் படக்கூடாது, துடைத்தால் வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும் என்ற நியமங்களை மாமா போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைச் சாமி விளக்கைத் துலக்கும் நியமங்களோடு சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் அது பார்த்த பெரிய வேலை, மாடி கட்டிப் பால் காய்ச்சிய அன்று நடந்தது. மைக் செட்டுக்காரர் தன் டேப் நாடாவைச் சிக்கவைத்துக்கொண்டு விழிக்க, ஒரு ஒயரை வைத்து நம் கருவியை அவருடைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தோம். கோமியம் தெளிப்பதற்குள் மங்கள வாத்தியம் தெரு முழுக்க எழுந்தது. ஒரே நிபந்தனை: கருவி வைத்திருந்த தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது. அதற்குக் காவலாக ஆச்சியை நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். "பைய, பைய" என்று ஆச்சி ஐயரைக்கூட அதட்டினார். அந்தக் காலை முழுவதும் எங்கள் வீட்டு விருந்தாளிகள் அத்தனை பேரும் முளைப்பாரி சுமப்பவர்களைப்போல நடந்தார்கள்.

வெளியே எடுத்துப்போகும்போதுதான் அதன் பிறவிக் குறை தெரியும். பின்னால் வந்த கருவிகளில் குலுக்கலுக்கு மருந்து வைத்திருந்தார்கள்: தட்டை வேகமாகச் சுற்றி முன்கூட்டியே படித்துப் பத்து விநாடி இசையை நினைவகத்தில் சேமித்துக்கொள்ளும், கண் தடுமாறினாலும் சேமிப்பிலிருந்து பாடிக்கொண்டே வரியைத் தேடிப் பிடித்துவிடும். பத்து விநாடி பிறகு நாற்பதானது. பேட்டரிதான் சீக்கிரம் தீரும். எங்களுடையதில் பத்துதான். தேனியில் வேலை கிடைத்து, வாரந்தோறும் நான் போய்வரத் தொடங்கியபோது, செக்கானூரணி தாண்டியதும் அடுத்தடுத்து வரும் வேகத்தடைகளுக்கு அந்தப் பத்து விநாடி காணாது என்று கண்டுகொண்டேன். முதல் தடையைச் சேமிப்பில் கடக்கும், இரண்டாவதைத் தட்டுத்தடுமாறி, மூன்றாவதில் பாட்டு நின்று, திரையில் எண் மட்டும் திகைத்து நிற்கும். மடியில் புத்தகம், புத்தகத்தின்மேல் துண்டு, துண்டின்மேல் கருவி, அதற்குமேல் இரண்டு உள்ளங்கை. உசிலம்பட்டி வரை இப்படியே உட்கார்ந்து வருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒருமுறை, "என்ன தம்பி, கோழிக்குஞ்சா?" என்று கேட்டார்.

பேருந்தைவிட ரயில் அதற்கு ஒத்துக்கொண்டது. மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை அப்போது இருந்தது, 1928இல் போட்டது. அந்த வண்டி வேகமாகப் போனதாக யாரும் குற்றம் சொன்னதில்லை. பேருந்து மேலும் கீழுமாகத் தூக்கிப்போடும். அந்த ரயில் தொட்டிலைப்போல இடமும் வலமுமாக ஆடும். லென்ஸுக்கு இந்த ஆட்டம் பொறுக்கும் போலிருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கி ஏறும்போது இருபுறமும் கரட்டுப் பாறையும் வேலிக்கருவையும் பையப் பைய நகர, காதில் ஒரு தட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியிருக்கிறது. 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு அகலப்பாதைக்காக அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். தேனி வரை மீண்டும் வண்டி ஓட 2022 மே ஆயிற்று, போடி வரை 2023 ஜூன். பாதை திரும்பி வந்துவிட்டது; அதில் ஏற்றிக்கொண்டு போக இவர் இல்லை.

குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனால் வேறு ஏற்பாடு. கேசட் வடிவத்தில் ஒரு பொய்க் கேசட். அதிலிருந்து வால்போல ஒரு ஒயர். கேசட்டை வேனின் டேப்பில் நுழைத்து ஒயரைக் கருவியில் சொருகினால் தட்டின் பாட்டு வேன் முழுக்கக் கேட்கும். கருவியை ஏந்திக்கொள்ள முன் இருக்கையில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு சின்னச் சித்திக்கு. ஆரத்தித் தட்டைப்போல முழங்கை உடம்பில் ஒட்டாமல் ஏந்திக்கொண்டு, பள்ளம் வரும்போது கையை மட்டும் தனியே இறக்கிவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. எந்தப் பொறியாளரும் வைத்துக்கொடுக்காத குலுக்கல் தடுப்பு.

இனி இறங்குமுகம். அதை நீட்டிச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரவுசிங் சென்டர்களில் வெற்றுத் தட்டில் பாட்டு ரைட் பண்ணிக் கொடுக்கத் தொடங்கினார்கள். எம்பி3 வந்து ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று நடைபாதையில் விரித்துப்போட்டு விற்றார்கள். மோசர் பேயர் 2007 வாக்கில் படத்தட்டையே 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் கொடுத்தது. தட்டு மலிந்ததும் அதை விளிம்பில் பிடிக்கும் பழக்கம் போயிற்று. ஐபாட் வந்து கருவியைக் கொன்றது என்று எழுதுகிறார்கள். அது வேறு ஊர்க் கதை. நம் ஊரில் ஐபாடைக் கண்டவர்கள் எத்தனை பேர்? இங்கே அதைக் கொண்டுபோனது சைனா செட்டும், செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த பையன்களும். விரல் நகத்தளவு கார்டு. எந்த வேகத்தடைக்கும் நிற்காது. ஓடலாம், குதிக்கலாம், கீழே போட்டாலும் பாடும். பைய என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. தட்டுகளைப் பிறகு வாடிப்பட்டிப் பக்கம் தோட்டங்களில் கண்டேன். குருவி விரட்டக் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதன் முதுமையை நான் கவனித்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில், ரைட் பண்ணிய தட்டுகளைப் போட்டால் தட்டே இல்லை என்றது. கடையில் அச்சாகி வந்த பழைய தட்டுகளைப் போட்டால் பாடியது. டவுன் ஹால் ரோட்டுச் சந்தில் ரேடியோ பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் காரணம் சொன்னார்: லேசருக்கு வயதாகி ஒளி மங்கிவிட்டது, அச்சுத் தட்டு வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், வெற்றுத் தட்டில் எழுதியது அவ்வளவு அனுப்பாது, அதனால் அது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் தாத்தாவும் கடைசி ஆண்டில் அப்படித்தான் இருந்தார். வீட்டுக்கு வந்த மருமகள்களைத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவரின் பெயரை அப்பன் பெயரோடு சொன்னார்.

அண்ணன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் லென்ஸைத் தொட்டுத் துடைத்தார். பிறகு, அதன் பக்கவாட்டில் கடுகளவு திருகு ஒன்றை மூக்குக்கண்ணாடிக்காரர்களின் திருப்புளியால் ஒரு நூல் திருப்பினார். "வெளிச்சத்தக் கூட்டி வச்சிருக்கேன், தம்பி. எத்தன நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தத் திருகில் கிடைத்த ஆயுளில் அது செய்த கடைசிச் சேவை 2012இல். மதுரையில் பாதி நாளுக்கு மின்சாரம் இல்லாத ஆண்டு அது. செல்போன் சார்ஜை அவசரத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். தறிகள் நின்று செல்லூரே அமைதியாகக் கிடந்த இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்து, இரண்டு பென்சில் பேட்டரி போட்டு, நடுவில் அதை வைத்து, காதுக்கருவியின் இரண்டு முனைகளை நானும் அம்மாவும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம். எனக்கு ஒரு வயலின், அவருக்கு ஒரு வயலின். இந்த முறை யாரும் பாடவில்லையே என்று அவர் கேட்கவில்லை. மின்சாரம் வந்து தெருவெல்லாம் தறி ஓடத் தொடங்கியதும் எழுந்து கீழே போனோம். அந்த ஆண்டுக்குப் பிறகு நான் அதைக் கையில் எடுத்த நினைவில்லை.

போன தைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் பரணை ஒழித்தபோது இறங்கி வந்தது. காதுக்கருவியின் பஞ்சு தொட்டதும் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. பேட்டரிக் குழியில் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்துப் புதுச் செல் போட்டேன். 'ஹவ் டு நேம் இட்?' உறையின் முதுகில் சிங்கப்பூர்க் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. தட்டை விளிம்பில் பிடித்து வைத்து அழுத்தினேன். 'சொட்' என்றது. மூடியதும் பழைய சரசரப்பு. லென்ஸ் எழும்பிப் பார்த்தது, இறங்கியது. மறுபடி எழும்பியது. திரை, தட்டு இல்லை என்றது. மூடியைத் திறந்து மூடினேன். மூன்றாவது முறை தட்டு சுழன்று, எண் வந்தது. வயலின்கள் ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் வாசித்தன. பிறகு எண் ஒரே இடத்தில் நின்றது. அதன் பிறகு எத்தனை முறை மூடித் திறந்தும் அதற்குத் தட்டைத் தெரியவில்லை.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லக் கழட்டிட்டு வைடா. ஒழுகிரும்" என்றார்.

கழற்றினேன். பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சுற்றி, ஏணியில் நின்ற வெள்ளையடிக்கும் தம்பியிடம் நீட்டினேன். அவர் ஒரு கையால் வாங்கப் போக, இருவருமே ஒரே நேரத்தில் சொன்னோம்: "பைய."